ஒரே இடத்தில் எழுதி எல்லாப் பொருளுக்கும் இறக்குவது: கேட்டலாக் டெம்ப்ளேட் அமைக்கும் முறை

2023 ஜனவரி 1 அன்று சிங்கப்பூரில் ஜிஎஸ்டி 7 விழுக்காட்டிலிருந்து 8 ஆனது. சரியாக ஓராண்டு கழித்து 9. ஜிஎஸ்டிக்குப் பதிந்த கடை, வாடிக்கையாளருக்குக் காட்டும் விலையில் வரியையும் சேர்த்தே காட்ட வேண்டும். வரி விகிதத்தை ஒவ்வொரு பொருளிலும் தனித்தனியாகத் தட்டி வைத்தவர்களுக்கு இரண்டு புத்தாண்டும் கணினி முன்னால்தான் போயிருக்கும். ஒரே இடத்தில் வைத்தவர்களுக்கு அது ஒரு எண்ணை மாற்றும் வேலை.

அந்த ‘ஒரே இடம்’ எப்படி அமைப்பது என்பதுதான் இந்தப் பதிவு. உதாரணத்துக்கு, சிங்கப்பூரில் தேக்கா பக்கம் ஒரு மளிகைக் கடை. சொந்த இணையதளம், ஷாப்பி, லசாடா என்ற இணையச் சந்தைகள், மூன்றிலும் விற்கிறது என்று வைத்துக்கொள்வோம். மென்பொருள் பிம்கோர்; பொருள்களின் தகவலை ஒரே இடத்தில் வைத்து நிர்வகிப்பது. நாற்பது ஐம்பது பொருள் மட்டும் விற்பவர் இதற்குள் இறங்க வேண்டாம், எக்செல் போதும்.

முதல் படி: கணினியைத் திறக்காதீர்கள்

ஒரு தாளில் நான்கு மட்டம் எழுதுங்கள்: மளிகை → அரிசி → பொன்னி புழுங்கல் → 5 கிலோ பை. இப்போது ஒவ்வொரு தகவலுக்கும் ஒரு கேள்வி: இது எந்த மட்டத்தில் எழுதினால் அதற்குக் கீழே உள்ள எல்லாவற்றுக்கும் பொருந்தும்? அதில் ஆக மேலே உள்ள மட்டம்தான் அதன் இடம்.

ஜிஎஸ்டி விகிதம் மளிகையில். ‘ஈரம் படாத இடத்தில் வைக்கவும்’ அரிசியில். விவரிப்பும் படமும் பொன்னியில். எடை, விலை, பார்கோடு மூன்றும் பையில். பார்கோடை மட்டும் எக்காரணம் கொண்டும் மேலே ஏற்றாதீர்கள். 890 என்று தொடங்கினாலும் 888 என்று தொடங்கினாலும், 1 கிலோ பைக்கு ஓர் எண், 5 கிலோ பைக்கு வேறு எண். 890 இந்தியாவிலும் 888 சிங்கப்பூரிலும் பதிந்த எண் என்பதைத்தான் அந்த முன்னொட்டு சொல்கிறது. பொருள் எங்கே விளைந்தது என்பதை அல்ல. பிறப்பிட நாட்டுக்குத் தனி ஃபீல்டு (தகவல் எழுதும் கட்டம்) வேண்டும்.

இறக்குமதியாளர் பெயர், முகவரி எங்கே? நீங்களே கொண்டுவந்தால் உச்சியில். பல மொத்த வியாபாரிகளிடம் வாங்கினால் பொருள் மட்டத்துக்கு இறக்கிவிடுங்கள்.

இரண்டாம் படி: கிளாஸ்

பிம்கோரின் செட்டிங்ஸில் ‘மளிகைப்பொருள்’ என்று ஒரு கிளாஸ் (ஒரு பொருளுக்கு என்னென்ன ஃபீல்டு என்று சொல்லும் அச்சு) உருவாக்கி, தாளில் உள்ள ஃபீல்டுகளைச் சேருங்கள். அதன் பொது அமைப்பில் ‘அலோ இன்ஹெரிட்’ என்ற பெட்டியை டிக் செய்யுங்கள். இது தானாக டிக் ஆகியிருக்காது. விட்டுவிட்டால் கீழே எதுவும் இறங்காது.

இங்கே ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஃபீல்டு இறங்குவது வேறு, அதில் எழுதிய மதிப்பு இறங்குவது வேறு. பானங்களை எடுத்துக்கொள்ளுங்கள். 2022 டிசம்பர் 30 முதல் சிங்கப்பூரில், பொட்டலமிட்டு விற்கும் பானங்களில் சி, டி தரம் உள்ளவற்றுக்கு நியூட்ரி-கிரேட் (பானத்தின் தரத்தை ஏ முதல் டி வரை காட்டும்) முத்திரை கட்டாயம். 100 மில்லியில் 10 கிராமுக்கு மேல் சர்க்கரை இருந்தால் டி. எல்லாப் பானத்துக்கும் அந்த ஃபீல்டு வேண்டும், ஆனால் மாம்பழச் சாற்றின் எழுத்து மோருக்கு வரக்கூடாது. ஃபீல்டு கிளாஸில் இருக்கட்டும். மதிப்பைப் பொருளில் மட்டும் எழுதுங்கள்.

மூன்றாம் படி: மரம்

ஆப்ஜெக்ட் மரத்தில் (பொருள்கள் ஒன்றுக்குள் ஒன்றாகக் கிளைக்கும் பட்டியல்) ‘மளிகை’யை உருவாக்கி, அதன் மேல் ரைட் கிளிக் செய்து ‘அரிசி’, அதற்குள் ‘பொன்னி புழுங்கல்’, அதற்குள் பைகள். நான்கும் ஒரே கிளாஸாக இருக்க வேண்டும். வேறு கிளாஸ் நடுவில் வந்தால் சங்கிலி அறுந்துவிடும். 5 கிலோ பையைத் திறந்தால் மேலிருந்து வந்த மதிப்புகள் மங்கலாகத் தெரியும். அதில் நீங்கள் எழுதினால் அந்தப் பைக்கு மட்டும் அது மாறும்.

விலையை வரி சேர்க்காமல் பையில் எழுதுங்கள். வரி சேர்ந்த விலைக்கு ‘கால்குலேட்டட் வேல்யூ’ ஃபீல்டு வைத்து ஒரு சூத்திரம் கொடுங்கள். 10 வெள்ளி பை 10.90 என்று காட்டினால் விகிதம் உச்சியிலிருந்து சரியாக வருகிறது.

நான்காம் படி: காலி என்றால் காலி இல்லை

புதியவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். கீழே ஒரு ஃபீல்டை அழித்தால் அது வெறுமையாகாது. மேலே உள்ளது திரும்ப வந்து உட்கார்ந்துகொள்ளும். ‘கார வகை’யில் ஒவ்வாமைப் பொருள் நிலக்கடலை என்று எழுதிவிட்டு, கடலை சேராத ரிப்பன் பக்கோடாவில் அதை அழித்தால், அங்கேயும் நிலக்கடலைதான் நிற்கும். ‘இல்லை’ என்று ஒரு தெரிவு வைத்து அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். என்னைக் கேட்டால், ஒவ்வாமைத் தகவலை மேலிருந்து இறக்கவே வேண்டாம். பொட்டலத்தைக் கையில் எடுத்துப் பார்த்து, பொருளுக்குப் பொருள் எழுதுங்கள். நேரம் போனால் போகட்டும்.

ஐந்தாம் படி: கோப்பு ஏற்றும்போது

சிஎஸ்வி கோப்பாக (எக்செலில் திறக்கக்கூடிய அட்டவணைக் கோப்பு) வெளியே எடுக்கும்போது இறங்கி வந்த மதிப்புகளும் சேர்ந்து வரலாம். விலையைத் திருத்தி அதே கோப்பைத் திருப்பி ஏற்றினால் எல்லாப் பையிலும் வரி விகிதம் 9 என்று தனித்தனியாகப் பதிந்துவிடும். பார்வைக்கு எல்லாம் சரியாக இருக்கும். உச்சியில் மாற்றும் நாளில்தான் கீழே எதுவும் அசையாது. ஏற்றும் முன் பொருள் குறியீடு, விலை தவிர மற்ற நெடுவரிசைகளை நீக்கிவிடுங்கள்.

ஏற்றி முடித்ததும் ‘அரிசி’யில் ‘ஈரம் படாத இடத்தில் வைக்கவும்’ என்ற குறிப்பின் கடைசியில் ஒரு புள்ளியைக் கூடுதலாக வைத்துச் சேமித்து, ஏதாவது இரண்டு பையைத் திறந்து பாருங்கள். புள்ளி வராத பையில் அந்த ஃபீல்டை அழித்துச் சேமித்தால் பிணைப்பு திரும்பிவிடும்.

வேறு மென்பொருள் வைத்திருப்பவர்களுக்கு

அக்கேனியோவில் ‘பிராடக்ட் மாடல்’ மூலம் இதையே செய்யலாம். ஆனால் மேல் மட்டத்தில் வைத்த ஃபீல்டைக் கீழே மாற்ற முடியாது. கண்டிப்பு அதிகம், குழப்பம் குறைவு. ஓடூவில் டெம்ப்ளேட், வேரியண்ட் என இரண்டே மட்டம். மஜெண்டோவில் ஓர் ஆட்ரிபியூட் செட்டை (ஃபீல்டுகளின் தொகுப்பு) இன்னொன்றின் அடிப்படையில் உருவாக்கலாம், ஆனால் அது அந்த நேரத்து நகல்தான்; மூலத்தைப் பிறகு மாற்றினால் நகலுக்குத் தெரியாது.