சுளுக்கிய கணுக்கால்: வீக்கம் வடிந்த பிறகுதான் வேலை

தோட்டத்துக் கால்பந்துத் திடலில் கால் பிசகாத ஆட்டக்காரர் குறைவு. மாடு மேய்ந்த இடத்தில் குளம்புக்குழி காய்ந்து கெட்டியாகிக் கிடக்கும். கோல் கம்பத்துக்கு முன்னால் புல் தேய்ந்து பள்ளம் விழுந்திருக்கும். ஏழு மணிக்கு மேல் பந்தே மங்கலாகத்தான் தெரியும். பாதம் உள்பக்கமாக மடிந்தால் கணுக்காலின் வெளிப்பக்கத்து லிகமென்ட், அதாவது எலும்புகளை இணைக்கும் நார்தான் இழுபடும், சில சமயம் கிழியும்.

விழுந்தவுடன் ஆட்டத்தை விட்டு வெளியே வாருங்கள். வலியைப் பொறுத்துக்கொண்டு இன்னும் பத்து நிமிடம் ஓடினால் ஒரு வார ஓய்வு ஒரு மாதமாகும். எலும்பு முறிந்திருக்குமா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். கனடாவில் 1992இல் வகுத்த ஒட்டாவா விதி இதற்கு உதவும். கட்டை விரலால் இந்த இடங்களை அழுத்துங்கள்: கணுக்காலின் இரு பக்கமும் துருத்தி நிற்கும் எலும்புகளின் நுனியும், நுனியிலிருந்து ஆறு சென்டிமீட்டர் மேல் வரை அவற்றின் பின்விளிம்பும், பாதத்தின் வெளி ஓரத்தில், சுண்டுவிரல் எலும்பு தொடங்கும் மேடு, உள்வளைவின் மேல் முனையில் தட்டுப்படும் எலும்பு. இவற்றில் எங்காவது எலும்பின் மேலேயே சுரீரென்று வலித்தாலோ, நொண்டிக்கொண்டாவது நாலு எட்டு வைக்க முடியாமல் போனாலோ எக்ஸ்-ரே எடுக்க வேண்டும். கிளினிக் கெசிஹாத்தானில் (அரசு சுகாதார நிலையத்தில்) எக்ஸ்-ரே இல்லாவிட்டால் மாவட்ட மருத்துவமனைக்குப் போங்கள். கால் கோணிக்கொண்டாலும், மரத்துப்போனாலும் அழுத்திப் பார்த்துக்கொண்டிருக்காமல் நேரே கிளம்புங்கள். வளரும் பிள்ளைகளுக்கு இந்த விதியை நம்பாமல் மருத்துவரிடமே காட்டிவிடுவது நல்லது.

முறிவு இல்லையென்றால் முதல் இரண்டு மூன்று நாள் வீக்கத்தை அடக்கும் காலம். ஐஸைப் பொடித்துப் பிளாஸ்டிக் பையில் போட்டு, ஈரத் துண்டால் சுற்றி 15 நிமிடம் வையுங்கள். இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை போதும். ஐஸ் வலியைக் குறைக்கும், நாரை ஒட்டாது. தோலில் நேராக வைத்தால் கொப்புளம் வரும். கிரேப் பேண்டேஜை விரல்களின் அடியிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு சுற்றும் முந்தியதில் பாதியை மூடும்படி மேலே கொண்டு போங்கள். பிறகு கால் நகத்தை அழுத்தி விடுங்கள். வெளுத்த நிறம் இரண்டு வினாடிக்குள் திரும்பாவிட்டால் கட்டு இறுக்கம், அவிழ்த்துக் கட்டுங்கள். படுக்கும்போது இரண்டு தலையணை வைத்துப் பாதத்தை நெஞ்சுக்கு மேலே வையுங்கள்.

இந்த நாட்களில் சூடான தைலம் போட்டு உருவக் கூடாது. சுளுக்கு எடுக்கிற பாட்டி எவ்வளவு கைராசிக்காரராக இருந்தாலும், புதிதாகக் கிழிந்த நாரை உருவினால் உள்ளே ரத்தக் கசிவு கூடும். வீக்கம் மறுநாள் இரட்டிப்பாகும். சுடு ஒத்தடமும் மதுவும் அப்படித்தான்.

மூன்றாம் நாளிலிருந்து அசைக்கத் தொடங்குங்கள். உட்கார்ந்து காலைத் தூக்கி, பெருவிரலால் காற்றில் அ முதல் ஃ வரை எழுதுங்கள். நாளைக்கு மூன்று தடவை. ஊன்றி நடக்கையில் நொண்டினால் கைத்தடி வேண்டும். அடிபடாத கால் பக்கத்துக் கையில் பிடிக்க வேண்டும், பலர் பக்கம் மாற்றிப் பிடிக்கிறார்கள்.

நடை நேரானதும் பலம். மோட்டார் சைக்கிளின் பழைய டியூபை நீளவாக்கில் வெட்டிப் பட்டையாக்கி மேசைக் காலில் கட்டுங்கள். வளையத்தில் முன்பாதத்தை நுழைத்து, குதிகாலை அசைக்காமல் வெளிப்பக்கமாக இழுத்து, மெதுவாக விடுங்கள். 15 முறை, மூன்று சுற்று. நுனிக்காலில் எழும்புவது முதலில் இரண்டு காலில், பிறகு ஒரு காலில்.

பெரும்பாலோர் கோட்டை விடுவது இதற்கு அடுத்த கட்டத்தில்தான். பாதம் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று மூளைக்குச் சொல்லும் நரம்பு முனைகள் அந்த நாரிலேயே இருக்கின்றன. நாரோடு அவையும் அடிபடும். வீக்கம் வடிந்து, வலி போன பிறகும் கால் தடுமாறுவதை உணரத் தாமதமாகும், அதே கால் திரும்பவும் மடியும். ஒரு காலில் 30 வினாடி நில்லுங்கள், பல் துலக்கும்போதே செய்யலாம். பழகியதும் கண்ணை மூடி, பிறகு தலையணை மேல், கடைசியில் எதிரில் ஒருவர் எறியும் பந்தைப் பிடித்தபடி. வாரம் ஐந்து நாள், எட்டு வாரம். சலிப்பான பயிற்சிதான், ஆனால் எதை விட்டாலும் இதை விடாதீர்கள்.

எழுவர் ஆட்டப் போட்டி தேதியைப் பார்த்துத் திரும்பக் கூடாது, காலைச் சோதித்துத் திரும்ப வேண்டும். அடிபட்ட காலில் மட்டும் பத்து முறை குதியுங்கள். ஒரே தாவில் எட்டும் தூரம் நல்ல காலின் தூரத்தில் 90 விழுக்காடாவது வர வேண்டும். வளைந்து வளைந்து ஓடி, சட்டென நின்று, திரும்பிப் பாருங்கள். மறுநாள் காலை வீங்கியிருந்தால் இன்னும் ஒரு வாரம் பொறுங்கள். திரும்பிய பிறகு சில மாதம் கணுக்கால் உறை அல்லது டேப் போடுங்கள்.

அணிக்கு ஃபிஃபாவின் 11+ வார்ம்-அப் போதும். 15 பயிற்சிகள், 20 நிமிடம், வாரம் குறைந்தது இரண்டு முறை. நடுவில் வரும் பத்து நிமிட பலம், சமநிலைப் பகுதியைத்தான் பலர் தாண்டிவிடுகிறார்கள். காலைக் காப்பதில் பெரும் பங்கு அதற்குத்தான்.

ஆட்டத்துக்கு முன் இருவர் திடலை ஒரு சுற்று நடந்து குளம்புக்குழிகளில் மணல் கொட்டி மிதித்துவிடுங்கள். ஒரு தள்ளுவண்டி மணல் கோல் வாய்க்கே போய்விடும், இரண்டாகக் கொண்டுவாருங்கள்.