வோகலாய்ட் பாட்டைப் பியானோவில் தொடங்குபவர்கள் எங்கே சறுக்குகிறார்கள்?

பாட்டு மனப்பாடம், மெட்டு வாயில் வருகிறது, அதனால் கையிலும் வந்துவிடும் என்று நம்புவதுதான் முதல் தவறு. எந்தப் பாட்டிலும் இந்தக் கணக்கு தப்பும். வோகலாய்ட் பாட்டில் கூடுதலாகவே தப்பும். காரணம், பாடும் குரல். வோகலாய்ட் என்பது வரியையும் மெட்டையும் கொடுத்தால் பாடிக் காட்டும் கணினிக் குரல். ஹட்சுனே மிக்கு என்பது 2007இல் ஜப்பானின் சப்போரோவைச் சேர்ந்த கிரிப்டன் ஃபியூச்சர் மீடியா வெளியிட்ட அப்படியொரு மென்பொருள். அதற்கு மூச்சு வாங்க வேண்டியதில்லை. மனிதர் பாடும் பாட்டில் வரி முடியும் இடத்தில் மூச்சுக்கென்று சின்ன இடைவெளி இருக்கும். பியானோ வாசிப்பவர் கையை அடுத்த இடத்துக்கு நகர்த்திக்கொள்வது அந்த இடைவெளியில்தான். வோகலாய்டுக்கு எழுதும்போது இசையமைப்பாளர் அந்த இடைவெளியை விட்டே ஆகவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வரியோடு வரி ஒட்டி ஓடும் பாட்டில் கற்றுக்குட்டியின் கை எங்கே நகரும்?

ஆகவே பாட்டைத் தேர்ந்தெடுக்கும் முன் நோட்டேஷனில் பல்லவியின் எட்டு பார்களை (இரண்டு செங்குத்துக் கோடுகளுக்கு நடுவே உள்ளது ஒரு பார்) எடுத்து, வலக்கை இடம் மாறும் இடங்களை பென்சிலால் குறியுங்கள். எட்டு பாருக்குள் மூன்று நான்கு முறை மாறினால் பரவாயில்லை, ஒவ்வொரு மாற்றத்துக்கும் முன்னால் ஓய்வுக் குறியோ நீண்ட நோட்டோ இருந்தால். இரண்டும் இல்லையென்றால் அந்தப் பாட்டை ஒரு வருடம் தள்ளிப்போடலாம்.

வேகத்தில் இன்னொரு ஏமாற்று உண்டு. பிபிஎம், அதாவது நிமிடத்துக்கு எத்தனை தட்டு என்ற எண், சிறியதாக இருந்தால் பாட்டு எளிது என்று பலர் நினைக்கிறார்கள். பார்க்க வேண்டியது நொடிக்கு எத்தனை நோட் என்பதை: பிபிஎம்மை ஒரு தட்டுக்கு வரும் நோட்டுகளால் பெருக்கி 60ஆல் வகுங்கள். 90 பிபிஎம் பாட்டில் தட்டுக்கு நான்கு நோட் வந்தால் நொடிக்கு 6. 150 பிபிஎம் பாட்டில் தட்டுக்கு ஒன்றே வந்தால் வெறும் 2.5. பழகத் தொடங்கி சில மாதங்களே ஆனவர் கை சீராக ஓட்டக்கூடியது நொடிக்கு 3, மிஞ்சினால் 4.

எல்லோரும் ஆசைப்படும் மிக்கு பாட்டான சென்போன்சகுராவை இதில் வைத்துப் பாருங்கள். வேகம் 154. தட்டுக்கு இரண்டு நோட் என்றாலே நொடிக்கு 5ஐத் தாண்டுகிறது. நான்கு என்றால் 10. அறுபது சதவீத வேகத்துக்கு, அதாவது 92க்கு, இறக்கினால் தட்டுக்கு இரண்டு நோட் வரும் பகுதி 3 நோட்டுக்கு வந்துவிடும்; கை தாங்கும். இசையமைப்பாளர் கோஸ்மோவின் ‘ஹட்சுனே மிக்குவின் மறைவு’ 240 பிபிஎம். அதை அறுபது சதவீதத்துக்கு இறக்கினாலும் 144. தட்டுக்கு இரண்டு என்றால் நொடிக்கு 5க்குச் சற்றுக் குறைவு, நான்கு என்றால் 9க்கு மேல். அதைத் தொடவே வேண்டாம்.

மராசி போன்ற ஜப்பானியப் பியானோ கலைஞர்களின் வாசிப்பைக் கேட்டுவிட்டு அதே நோட்டேஷனைத் தேடுவதும் வழக்கமான தவறு. அது திறமையைக் காட்டுவதற்கான வாசிப்பு. பாடப்பயிற்சிக்கு எழுதியது அல்ல. ஜப்பானிய நோட்டேஷன்களில் நிலை குறிப்பிட்டிருக்கும்: நியூமோன் என்றால் அரிச்சுவடி, ஷோக்யூ தொடக்கநிலை, சூக்யூ இடைநிலை, ஜோக்யூ உயர்நிலை. முதல் இரண்டுக்குள் நில்லுங்கள். ஆனால் ஒரு பதிப்பகத்தின் ஷோக்யூ இன்னொன்றின் சூக்யூவாக இருக்கும். இலவசமாகக் கிடைப்பவற்றில் ‘ஈஸி’ என்ற சொல்லுக்கு மதிப்பே இல்லை. கணினி இசைக் கோப்பான மிடியை அப்படியே நோட்டேஷனாக மாற்றிப் போட்டிருப்பார்கள். பார்த்தவுடன் தெரியும்: எளிய மெட்டில் காரணமில்லாமல் முப்பத்திரண்டில் ஒரு பங்கு நோட்டுகள், இணைப்புக் கோடுகளின் குவியல், ஒரே கையில் கைக்கு எட்டாத மூன்று நான்கு நோட்.

உண்மையில் ஆளை வீழ்த்துவது இடக்கை. வோகலாய்ட் பாட்டுகளில் ராக் இசையின் சாயல் கொண்டவை ஏராளம். பேஸ் கிட்டார் ஒரே நோட்டை விடாமல் அடித்துக்கொண்டிருக்கும். அதை அப்படியே ஸ்தாயி இடைவெளியில் இரண்டு கட்டைகளாக எழுதிவிடுகிறார்கள். சாதாரணப் பியானோவில் ஒரு ஸ்தாயி சுமார் 16.5 சென்டிமீட்டர். விரலை முழுதாக விரித்துக்கொண்டே திரும்பத் திரும்ப அடித்தால் இரண்டாம் பக்கத்துக்குள் முன்கை இறுகிவிடும். வலி வந்தால் நிறுத்துங்கள். பொறுத்துக்கொண்டு வாசித்தால் பலம் வராது, காயம்தான் வரும்.

இதற்கு மாற்று எளிது. முதல் வாரம் ஒரு கார்டுக்கு (சேர்ந்து ஒலிக்கும் நோட்டுகளின் தொகுதிக்கு) ஒரே அடிநோட்டை மட்டும் நீளமாகப் பிடியுங்கள். கை பழகியதும் அதோடு அதிலிருந்து எண்ணி ஐந்தாவது நோட்டைச் சேருங்கள். வோகலாய்ட், ஜப்பானிய பாப் பாட்டுகளில் அடிக்கடி வரும் எஃப், ஜி, ஈ மைனர், ஏ மைனர் என்ற வரிசையை இப்படிப் பழகிவிட்டால், பத்துப் பாட்டுக்காவது இடக்கை தயாராகிவிடும்.

61 கட்டை கீபோர்டு வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பேஸ் கிளெஃபின், அதாவது இடக்கைக்கான ஐந்து கோடுகளின், கீழே இரண்டாவது துணைக்கோட்டில் உட்காரும் சி-தான் பொதுவாக அதன் மிகத் தாழ்ந்த கட்டை. அதற்கும் கீழே நோட் வந்தால் ஒரு ஸ்தாயி மேலே ஏற்றி வாசியுங்கள்.

கருப்புக் கட்டைக்குப் பயந்து எல்லாவற்றையும் வெள்ளைக் கட்டைகளே உள்ள ஏ மைனருக்கு மாற்றுவது வீண் வேலை. சென்போன்சகுராவின் டி மைனரில் இருப்பது பி ஃபிளாட் ஒன்றுதான். மாற்றினால் மெட்டு நான்கு நோட் தள்ளி விழும். விரல் எண்களையும் புதிதாக எழுத வேண்டும். கவனிக்க வேண்டியது கடைசிப் பல்லவி அரைக்கட்டை ஏறும் பாட்டுகளை. சி மேஜரில் ஒரு கருப்புக் கட்டையும் இல்லாமல் வாசித்துவந்தவர், திடீரென ஐந்து ஃபிளாட் கொண்ட டி ஃபிளாட் மேஜரில் நிற்பார். அந்த ஏற்றத்தை விட்டுவிட்டு பழைய ஸ்கேலிலேயே முடித்தால் குற்றம் ஒன்றுமில்லை. ஸ்கேலை மாற்றித்தரும் டிரான்ஸ்போஸ் பட்டன் இருந்தால் அங்கே ஒன்று கூட்டிக்கொள்ளலாம்.

மேலிருந்து பட்டைகள் விழும் வீடியோக்களைப் பார்த்துக் கற்பதும் சிக்கல்தான். எந்தக் கட்டை என்று அவை காட்டும்; எந்த விரல் என்று பெரும்பாலும் காட்டுவதில்லை. சுட்டுவிரலால் தேடித்தேடி அடித்த மெட்டை பிறகு ஐந்து விரலுக்கு மாற்றுவது, புதிதாகக் கற்பதைவிடக் கடினம்.

எதில் தொடங்கலாம் என்றால், மிக்கு 2007இலேயே பாடிப் பிரபலமான இயேவன் போல்காவைச் சொல்லலாம். ஃபின்லாந்து நாட்டுப்புற மெட்டு. ஏ மைனரில் வைத்தால் தொடக்க வரியின் பெரும்பகுதி ஜி, ஏ, பி, சி என்ற நான்கு வெள்ளைக் கட்டைகளுக்குள் அடங்கும். கை நகரவே வேண்டாம். இடக்கைக்கு ஏ-யும் ஈ-யும் மாறி மாறி இரண்டு தட்டு போதும். தாளம் தட்டும் கருவியான மெட்ரோனோமை 70இல் வையுங்கள். முதல் எட்டு பார்களைத் தவறில்லாமல் மூன்று முறை தொடர்ந்து வாசித்த பிறகு 5 கூட்டுங்கள். அந்த எட்டு பார் 100ஐத் தொடும்வரை அடுத்த வரிக்குப் போக வேண்டாம். ஒலியை நீட்டும் சஸ்டைன் பெடலையும் அதுவரை தொடாதீர்கள். விரல் தவறுவதை அது மூடி மறைத்துவிடும்.