பல செயலிகளுக்கிடையே விசைப்பலகையால் மாறுவது: இடத்தை நிலையாக்குங்கள்

ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு ஓர் அறிக்கையை மொழிபெயர்ப்பவரின் திரையில் மூலப் பிடிஎஃப், வேர்டு ஆவணம், அகராதி திறந்திருக்கும் பிரவுசர், எக்செல் சொற்பட்டியல், மின்னஞ்சல், வாட்ஸ்அப் என்று ஆறு செயலிகளாவது ஒரே நேரத்தில் ஓடிக்கொண்டிருக்கும். ஒரு சொல்லைச் சரிபார்க்க வேண்டிய ஒவ்வொரு முறையும் கை மவுஸுக்குப் போய்த் திரும்புவதற்குள், மனத்தில் பாதி உருவாகியிருந்த வாக்கியம் கலைந்துவிடுகிறது. அந்த வாக்கியத்தைக் காப்பாற்றுவதற்காகத்தான் இந்த வழிமுறையை எழுதுகிறேன். இது விண்டோஸ் 10, விண்டோஸ் 11 இரண்டுக்கும் பொருந்தும்.

ஆல்ட் விசையை அழுத்திப் பிடித்துக்கொண்டு டேப் விசையைத் தட்டினால் திறந்திருக்கும் சாளரங்கள் திரையில் வரிசையாகத் தோன்றும் என்பது பலருக்கும் தெரிந்ததே. ஆனால் அந்த வரிசை நிலையானதன்று. கடைசியாகப் பயன்படுத்திய சாளரம் முன்னே வரும்படி, ஒவ்வொரு மாறுதலுக்குப் பின்னும் அது புதிதாக அமைகிறது. எனவே இரண்டு சாளரங்களுக்கிடையே போய்வர இதைவிட நல்ல வழி இல்லை: ஒரு முறை தட்டி விட்டால் முந்தைய சாளரம், மறுபடி தட்டி விட்டால் பழைய இடம். மூன்றாவது, நான்காவது செயலி தேவைப்படும்போதோ அது இப்போது எந்த இடத்தில் நிற்கிறது என்று கண்ணால் தேட வேண்டியிருக்கிறது. தேடிக்கொண்டே டேப்பைத் தட்டி, வேண்டிய சாளரத்தைத் தாண்டிச் சென்றுவிட்டால், ஷிஃப்ட் விசையையும் சேர்த்து அழுத்திப் பின்னோக்கி வரலாம். பட்டியல் திறந்திருக்கும்போது டெலீட் விசையை அழுத்தினால் தேர்ந்திருக்கும் சாளரம் மூடப்படும்; வேலை முடிந்தவற்றை அவ்வப்போது இப்படிக் களைவது நல்லது.

மூன்றுக்கு மேற்பட்ட செயலிகளோடு வேலை செய்பவர்களுக்கு நான் அழுத்தமாகப் பரிந்துரைப்பது, விண்டோஸ் விசையோடு ஓர் எண்ணை அழுத்தும் முறையைத்தான். திரையின் அடியில் சின்னங்கள் வரிசையாக நிற்கும் டாஸ்க்பாரில் ஸ்டார்ட், தேடல் போன்ற கணினியின் சொந்தப் பொத்தான்களை விட்டுவிட்டு, செயலிகளின் சின்னங்களை மட்டும் இடமிருந்து எண்ணினால், முதல் சின்னத்துக்கு 1, இரண்டாவதற்கு 2 என்று ஒன்பது வரை செல்லும், பத்தாவதற்கு 0. அன்றாடம் தேவைப்படும் செயலிகளை டாஸ்க்பாரில் ‘பின்’ செய்து, அதாவது நிலையாகப் பொருத்தி, சின்னங்களை இழுத்து உங்களுக்கு ஏற்ற வரிசையில் வைத்துக்கொள்ளுங்கள். வேர்டை முதலிடத்திலும் பிரவுசரை இரண்டாமிடத்திலும் வைத்தால், எத்தனை சாளரங்கள் திறந்திருந்தாலும் விண்டோஸ் விசையும் 2-உம் உங்களைப் பிரவுசருக்கே கொண்டு சேர்க்கும். அது திறந்திருக்காவிட்டால் திறந்தும் கொடுக்கும். அடிக்கடி வேண்டியவற்றுக்கு இடக்கையால் எளிதில் எட்டக்கூடிய 1 முதல் 4 வரையிலான எண்களைக் கொடுங்கள். ஒரு முறை அமைத்த வரிசையைப் பின்னர் மாற்றாதீர்கள். இடம் மாறாமல் இருந்தால்தான் சில நாள்களில் எண்ணை நினைக்காமலே விரல் அங்கே போகும்.

ஒரே செயலியில் மூன்று ஆவணங்கள் திறந்திருந்தால், விண்டோஸ் விசையை விடாமல் அதே எண்ணைத் திரும்பத் திரும்பத் தட்டி ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். கண்ட்ரோல் விசையையும் சேர்த்து அழுத்தினால், அந்தச் செயலியில் நீங்கள் கடைசியாக இருந்த ஆவணத்துக்கு நேரே செல்லலாம். மொழிபெயர்ப்பின்போது எனக்கு மிகுதியும் உதவுவது இதுதான். கண்ட்ரோலுக்குப் பதிலாக ஷிஃப்டைச் சேர்த்தால் அந்தச் செயலியின் புதிய சாளரம் ஒன்று திறக்கும்.

தமிழில் தட்டச்சு செய்பவர்களுக்கு இன்னொரு தொல்லை உண்டு. வேர்டில் தமிழ் 99 விசைப்பலகையில் எழுதிவிட்டு, ஆங்கிலச் சொல்லொன்றைத் தேடப் பிரவுசருக்குப் போனால், தேடல் பெட்டியிலும் தமிழ் எழுத்துகளே விழுகின்றன. விண்டோஸ் 11-இல் செட்டிங்ஸ், டைம் அண்ட் லாங்வேஜ், டைப்பிங், அட்வான்ஸ்டு கீபோர்டு செட்டிங்ஸ் என்ற வழியே சென்றால், ஒவ்வொரு செயலிச் சாளரத்துக்கும் தனித்தனி உள்ளீட்டு முறையை அனுமதிக்கும் தேர்வுப் பெட்டி ஒன்று இருக்கிறது. அதைத் தேர்ந்துவிட்டால் வேர்டு தமிழையும் பிரவுசர் ஆங்கிலத்தையும் தாமே நினைவில் வைத்துக்கொள்ளும். அதே பக்கத்தில் உள்ளீட்டு மொழிக்கான குறுக்குவிசைகளையும் பாருங்கள். இடப்பக்க ஆல்ட், ஷிஃப்ட் இரண்டையும் சேர்த்து அழுத்தினால் மொழி மாறும்படி அமைந்திருந்தால், பின்னோக்கி நகர விரும்பி டேப்பைத் தட்டாமல் கையை எடுக்கும்போது மொழி மாறிவிடும். அதை நீக்கிவிட்டு, மொழி மாற்ற விண்டோஸ் விசையையும் ஸ்பேஸ் பாரையும் மட்டும் பயன்படுத்துவது பாதுகாப்பானது.

வேலைகளே இரண்டு மூன்றாக இருக்கும்போது, ஒவ்வொரு வேலையின் சாளரங்களையும் தனித்தனித் திரையில் வைப்பதுபோல் பிரித்து வைக்க உதவும் மெய்நிகர் டெஸ்க்டாப்புகள் கைகொடுக்கும். 2015-இல் வெளிவந்த விண்டோஸ் 10 முதல் இந்த வசதி இருக்கிறது. விண்டோஸ், கண்ட்ரோல், டி (D) ஆகிய மூன்றையும் சேர்த்து அழுத்தினால் புதிய டெஸ்க்டாப் உருவாகும். டி-க்குப் பதிலாக இட, வல அம்புக்குறிகளை அழுத்தினால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறலாம். அதே இரண்டு விசைகளோடு எஃப்4-ஐ அழுத்தினால் இப்போதைய டெஸ்க்டாப் மூடப்படும். அதில் திறந்திருந்த சாளரங்கள் மூடப்படாமல் பக்கத்து டெஸ்க்டாப்புக்கு நகர்ந்துவிடும் என்பதால் அஞ்ச வேண்டியதில்லை. மின்னஞ்சலையும் வாட்ஸ்அப்பையும் இரண்டாவது டெஸ்க்டாப்பில் வைத்துவிட்டால், இயல்பான அமைப்பில் ஆல்ட்-டேப் பட்டியலில் அவை வருவதில்லை. பட்டியல் குறுகுகிறது, கண்ணுக்கும் வேலை குறைகிறது.

பிரவுசருக்குள் இருக்கும் தாவல்களுக்கும், அதாவது ஒரே சாளரத்தில் திறந்திருக்கும் தனித்தனிப் பக்கங்களுக்கும், இதே எண் முறை செல்லும். கண்ட்ரோலோடு 1 முதல் 8 வரை அழுத்தினால் அந்தந்த இடத்துத் தாவலும், 9-ஐ அழுத்தினால் எத்தனை திறந்திருந்தாலும் கடைசித் தாவலும் வரும். அகராதியை எப்போதும் முதல் தாவலாகப் பின் செய்து வைத்தால், வேர்டிலிருந்து அகராதிக்குப் போக விண்டோஸ்-2, கண்ட்ரோல்-1 ஆகிய இரண்டு அழுத்தங்களே போதும். பொருளைப் பார்த்தவுடன் விண்டோஸ்-1 அழுத்தினால், பாதியில் நின்ற வாக்கியத்தில் கர்சர் அதே இடத்தில் காத்திருக்கும்.