கோட்டை மியூசியத்தை உங்கள் தெருப் பக்கத்திலிருந்தே பார்க்க ஆரம்பியுங்கள்: வடசென்னைக்காரர்களுக்கு ஒரு வழிமுறை

எங்கள் தெருத் தம்பி ஒருவன் போன மாதம் ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டு வந்தான். "அண்ணே, இருபது நிமிஷத்துல முடிஞ்சிடுச்சு. நாலு கத்தி, நாலு துப்பாக்கி, வெள்ளைக்காரங்க படம், அவ்ளோதான்" என்றான். முதல் தடவை எனக்கும் அப்படித்தான் இருந்தது. மூன்றாவது தடவைதான் பிடிபட்டது. அங்கே இருக்கிற பொருள்களில் பாதி நம்ம தெருக்களைப் பற்றியவை, அது தெரியாமல் உள்ளே போனால் எல்லாமே பழைய இரும்பாகத்தான் தெரியும். அதனால் நான் இப்போது யாரைக் கூட்டிப்போனாலும் இந்த வரிசையில்தான் போகிறேன்.

முதலில் நாள். எழும்பூர் மியூசியம் போலவே இதற்கும் வெள்ளிக்கிழமை விடுமுறை. நான் ஒருமுறை வெள்ளிக்கிழமை போய்த் திரும்பி வந்தேன். வேறு நாளில், காலையிலேயே கிளம்புங்கள்.

அடுத்தது, நேராகக் கோட்டைக்குப் போகாதீர்கள். இதுதான் நான் தவறவிட்ட படி. முதலில் பழைய ஜெயில் ரோட்டில் இருக்கும் மாடிப் பூங்காவுக்குப் போங்கள். அந்த உயரமான பூங்கா பழைய ஊர்ச் சுவரின் மிச்சம். 1746ல் தளபதி லா பூர்தொனே தலைமையில் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்தார்கள், 1749ல்தான் ஆங்கிலேயர் கைக்கு அது திரும்பியது. 1758 டிசம்பரில் லாலி என்ற இன்னொரு பிரெஞ்சுத் தளபதி படையோடு வந்து, கோட்டைக்கு வடக்கே நம்ம மக்கள் குடியிருந்த, ஆங்கிலேயர் 'கருப்பர் நகரம்' என்று அழைத்த பகுதிக்குள் புகுந்து, அங்கிருந்தே கோட்டையை முற்றுகையிட்டார். 1759 பிப்ரவரியில் ஆங்கிலேயக் கப்பல்கள் வந்த பிறகுதான் விலகினார். இனி வடக்கிலிருந்து எவனும் இப்படி உள்ளே வந்துவிடக் கூடாது என்று ஊரின் வடக்கிலும் மேற்கிலும் சுவர் எழுப்பினார்கள். அதற்கான செலவை ஊர்மக்களிடம் வரியாக வாங்க நினைத்ததில் வந்த பெயர்தான் வால்டாக்ஸ் (சுவர் வரி) ரோடு. எத்தனை வருடம் அந்த ரோட்டில் பஸ்ஸில் போயிருப்போம்! ராயபுரம் பக்கம் இருப்பவர்கள் கிளைவ் பேட்டரி என்ற பழைய பீரங்கி மேடையையும் பார்த்துவிடுங்கள், அதுவும் அந்தப் பாதுகாப்பு வரிசையைச் சேர்ந்ததுதான்.

அங்கிருந்து பாரிமுனை. டேர் ஹவுஸ் ஓரத்தில் ஒரு சின்னக் கல்தூண் நிற்கும், கூட்டத்தில் யாரும் கவனிப்பதில்லை. 1773ல் நட்ட எல்லைத் தூண்களில் எஞ்சியது அது ஒன்றுதான். எதிரி வந்தால் பீரங்கி சுடுவதற்கு மறைப்பு இருக்கக்கூடாது என்று கோட்டைக்கும் ஊருக்கும் நடுவே திறந்த வெளி விட்டார்கள், அந்த எல்லையிலிருந்து கோட்டைப் பக்கம் கட்டடம் எழக்கூடாது. முன்பு அந்த இடத்தில் மக்கள் குடியிருந்த பழைய கருப்பர் நகரத்தை இடித்துத்தான் அந்த வெளியை உண்டாக்கினார்கள். இன்று உயர் நீதிமன்றம் இருப்பது அங்கேதான். தூணின் அருகே ஒரு நிமிடம் நின்று கோட்டைப் பக்கம் திரும்பிப் பாருங்கள், அந்தத் தூரம் மனதில் பதியட்டும்.

அப்புறம் கோட்டை வாசல். தலைமைச் செயலகமும் உள்ளேதான் இருப்பதால் சோதனை உண்டு. அடையாள அட்டை அவசியம், பெரிய பை வேண்டாம். சட்டமன்றம் நடக்கும் நாள்களைத் தவிர்ப்பது நல்லது. வாசலில் "மியூசியம்" என்று கேளுங்கள், உடனே வழி காட்டுவார்கள்.

கையில் என்ன கொண்டுபோவது? என் ஓட்டு பென்சிலுக்கும் சட்டைப்பை நோட்டுக்கும்தான். போனில் படம் எடுத்தால் பார்த்துவிட்டதாக மனம் நம்பிவிடும், குறிப்புப் பலகையைக் கையால் எழுதும்போதுதான் பொருளை மறுபடி நிமிர்ந்து பார்ப்போம். படம் எடுக்க வேண்டுமென்றால் சீட்டு வாங்கும் இடத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள், ஃபிளாஷ் போடாதீர்கள்.

உள்ளே போனதும் எம்டன் குண்டின் துண்டு எங்கே என்று கேட்டு முதலில் அதைப் பாருங்கள். 1914 செப்டம்பர் 22 இரவு, முதல் உலகப் போரில் ஜெர்மானியப் போர்க்கப்பலான எம்டன் கடலில் நின்று சென்னை மீது நூற்றுக்கும் மேற்பட்ட குண்டுகளை வீசியது. துறைமுகம் அருகே பர்மா எண்ணெய்க் கம்பெனியின் தொட்டிகள் பற்றி எரிந்தன. பயந்துபோய் நிறையப் பேர் ஊரைவிட்டுக் கிளம்பினார்கள். "அவன் சரியான எம்டன்" என்று இன்றும் சொல்கிறோமே, அந்தச் சொல் இந்தக் கப்பலிலிருந்து வந்ததுதான். அதே வருடம் நவம்பர் 9ஆம் தேதி கொகோஸ் தீவருகே ஆஸ்திரேலியாவின் சிட்னி கப்பல் அதை முடித்துவைத்தது.

துப்பாக்கிகளை மொத்தமாகப் பார்க்காமல் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். மருந்தும் குண்டும் குழாயின் வாய்வழியே போட்டு இடிக்க வேண்டியவை அவை, நன்றாகப் பழகிய சிப்பாயே நிமிடத்துக்கு இரண்டு மூன்று முறைதான் சுட முடியும். பீரங்கியில் பின்பக்கம் மேலே சின்னத் துளை இருக்கும், தீ வைப்பது அதில்தான். இந்த இரண்டும் தெரிந்தால் லாலியின் முற்றுகை ஏன் இரண்டு மாதம் இழுத்தது என்று ஓரளவு ஊகிக்கலாம்.

திப்புவோடு போரிட்ட ஆங்கிலேய கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸின் சிலையில் முகத்தை விட்டுவிட்டு பீடத்தைப் பாருங்கள். 1792ல் திப்பு சுல்தானின் இரண்டு சிறுவயது மகன்களைப் பிணையாக ஒப்படைக்கும் காட்சி செதுக்கப்பட்டிருக்கிறது. வெற்றியின் அடையாளமாக அதைச் செதுக்கியிருக்கிறார்கள், எனக்கோ அந்தப் பிள்ளைகளைத் தவிர வேறெதுவும் கண்ணில் படுவதில்லை.

1947 ஆகஸ்ட் 15 விடியற்காலையில் இதே கோட்டையில் ஏற்றிய பட்டுக் கொடியைக் கடைசிக்கு வையுங்கள். துணி கெடாமலிருக்க வெளிச்சம் குறைவாக இருக்கும், கண் பழக ஒரு நிமிடம் பொறுங்கள்.

பின்சேர்க்கை: இதைப் படித்துவிட்டுப் போன இருவர் சொன்னவை. மாடிப் பூங்கா கிடைக்கவில்லை என்றார் ஒருவர். ஸ்டான்லி ஆஸ்பத்திரி இருக்கும் அதே ரோடுதான், "கோட்டைச் சுவர்" என்று கேட்டால் குழப்புவார்கள், பூங்கா பெயரைச் சொல்லியே கேளுங்கள். இன்னொருவர் அம்மாவுடன் போயிருக்கிறார், படியேறி முட்டி வலித்துவிட்டதாம். அப்படியானால் கீழ்த்தளத்து ஆயுதங்களையும் வெளியே இருக்கும் பீரங்கிகளையும் நிதானமாகப் பாருங்கள், அதற்கே ஒரு மணி நேரம் ஆகும்.

திரும்பும்போது உயர் நீதிமன்றத்தின் கிழக்கு மதில் ஓரமாக நடந்து வாருங்கள். எம்டன் குண்டு விழுந்த இடத்தைச் சொல்லும் கல்வெட்டு அங்கே இருக்கிறது.