இறுகிய பிரேக்கை விடுவிப்பது எப்படி: ஆறு ஆண்டு நகராத ஒரு எம்ஜிபி

எஞ்சின் ஒரே வார இறுதியில் உயிர்பெற்றுவிட்டது. புதிய பேட்டரி, புதிய பெட்ரோல், கார்புரேட்டரிடம் கொஞ்சம் கெஞ்சல், அவ்வளவுதான். பெரியப்பா கைதட்டினார். முதல் கியரைப் போட்டுக் கிளட்சை விட்டேன். காரின் பின்புறம் ஓர் அங்குலம் தாழ்ந்தது, எஞ்சின் முனகி அணைந்தது. நான்கு பேர் சேர்ந்து தள்ளியும் பயனில்லை. சிங்கப்பூரின் செராங்கூன் கார்டன்ஸ் வீட்டு முன்றிலில் வேர்விட்ட மரம்போல நின்றது அந்த 1971ஆம் ஆண்டு எம்ஜிபி ஸ்போர்ட்ஸ் கார்.

அன்று நான் செய்த தவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். இரும்புச் சுத்தியலை எடுத்துப் பின் சக்கரத்தோடு சுழலும் பிரேக் டிரம்மின் விளிம்பில் ஓங்கி அடித்தேன். அது வார்ப்பிரும்பு. விளிம்பிலிருந்து ஒரு சில்லு உடைந்து தரையில் விழுந்தது, டிரம் அசையவில்லை. கை பிரேக் கேபிள் உறைக்குள் துருவேறி, டிரம்மை உள்ளிருந்து அழுத்தும் பிரேக் ஷூக்களை இழுத்துப் பிடித்தபடியே நின்றிருந்தது என்பது மறுநாள்தான் தெரிந்தது. விடியும்வரை அடித்திருந்தாலும் வந்திருக்காது. ஆகவே இந்த விளக்கத்தில் பாதி, எது பிடித்திருக்கிறது என்று கண்டுபிடிப்பதைப் பற்றியதாகவே இருக்கும்.

எம்ஜிபி 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தின் ஆபிங்டன் ஆலையில் தயாரானது. முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். கற்றுக்கொள்ள இதைவிட எளிய பிரேக் அமைப்பு கிடைப்பது அரிது. அதே காலத்து ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர் வைத்திருப்பவர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

இங்கே ஏன் இப்படி இறுகுகிறது

பழங்கார்த் திட்டத்தில் பதிவான கார்களை ஆண்டுக்கு 45 நாள்தான் சாலையில் ஓட்டலாம். மீதி 320 நாள் அவை சும்மா நிற்கின்றன. நம் ஊர்க் காற்றின் ஈரப்பதமோ ஆண்டுச் சராசரியில் 80 விழுக்காட்டைத் தாண்டுகிறது. வார்ப்பிரும்பு டிரம்மும் ஷூவும் ஒட்டி நிற்கும் இடத்தில் துரு வளர்ந்து இரண்டையும் பசைபோலப் பிணைத்துவிடுகிறது.

வெளியில் இப்படியென்றால், குழாய்க்குள் வேறு கதை. பிரேக் ஆயில் என்று எல்லோரும் சொல்கிறோம். அது எண்ணெயே இல்லை. டாட் 3, டாட் 4 என்று விற்கப்படுவது கிளைக்கால் வகைத் திரவம், காற்றிலிருந்து நீரை உறிஞ்சும் குணமுடையது. அந்த நீர்தான் சிலிண்டர்களை உள்ளிருந்து அரிக்கிறது. எண்ணெய் என்ற பெயரை நம்பி எஞ்சின் ஆயிலையோ மண்ணெண்ணெயையோ இந்த அமைப்புக்குள் விட்டால் ரப்பர் சீல்கள் ஊதிப் பாழாகிவிடும். பெயரால் வந்த வினை!

தொடங்குமுன்

அடுக்குமாடிக் கார் நிறுத்துமிடத்தில் இந்த வேலை வேண்டாம். தனிவீட்டு முன்றில், அல்லது சின் மிங், காக்கி புக்கிட் பக்கம் இடம்கொடுக்கும் பணிமனை ஒன்று, கெட்டியான சமதளத் தரையோடு இருந்தால் போதும்.

கருவிகளில் ஒன்றை மட்டும் வலியுறுத்துகிறேன். இந்தக் கார்களின் நட்டும் போல்ட்டும் அங்குல அளவு. அரை அங்குல நட்டில் 13 மில்லிமீட்டர் ஸ்பேனர் கிட்டத்தட்டப் பொருந்தும். அந்தக் 'கிட்டத்தட்ட'தான் நட்டின் முனைகளை மழுக்கிவிடும். அங்குல ஸ்பேனர் தொகுப்பு ஒன்று வாங்கிவிடுங்கள். பிரேக் குழாய் நட்டுகளுக்கு, குழாய் நுழைய ஒரு பக்கம் மட்டும் திறந்திருக்கும் வளைய ஸ்பேனர் தேவை. இவற்றோடு ரப்பர் அல்லது மரச் சுத்தியல், துரு இளக்கும் தெளிப்பான், முகக்கவசம்.

முகக்கவசம் எதற்கு? பழைய பிரேக் ஷூக்களில் கல்நார் இருந்திருக்கலாம். டிரம்முக்குள் இருக்கும் கரிய தூளைக் காற்றடித்தோ வாயால் ஊதியோ நீக்காதீர்கள். நீர் தெளித்து நனைத்து, துணியால் துடைத்து, அந்தத் துணியைப் பையில் கட்டிவிடுங்கள்.

ஏறத்தாழ ஒரு டன் எடையுள்ள காரின் அடியில் கை நுழைக்கப் போகிறோம். ஜாக்கி தூக்குவதற்கு மட்டுமே. தூக்கியதும் உறுதியான ஸ்டாண்டுகளில் இறக்குங்கள். தரையில் நிற்கும் சக்கரங்களுக்கு இருபுறமும் முட்டுக்கட்டை வையுங்கள். சக்கர நட்டுகளைக் கார் தரையில் நிற்கும்போதே சற்றுத் தளர்த்திக்கொள்வது நல்லது. கம்பிச் சக்கரமாக இருந்தால் நடுவில் ஒரே பெரிய நட்டுதான். காரின் இரு பக்கத்துக்கும் திருகும் திசை மாறும் என்பதால் அதிலுள்ள அம்புக்குறியைப் பார்த்துத் திருப்புங்கள்.

முதல் படி: எது பிடித்திருக்கிறது?

கியரை நியூட்ரலில் வைத்து, கை பிரேக்கை விடுவித்து, ஒவ்வொரு சக்கரமாகத் தூக்கிக் கையால் சுற்றிப் பாருங்கள். எங்கள் காரில் முன் வலது சுலபமாகச் சுற்றியது. முன் இடது கனமாக நகர்ந்தது. பின்னிரண்டும் கல்.

இறுகிய சக்கரத்தின் பிளீடர் நிப்பிளைத் தேடுங்கள். குழாய்க்குள் புகுந்த காற்றை வெளியேற்ற, அதாவது காற்றெடுக்க, பயன்படும் சிறு திருகு அது. முந்தைய நாளே துரு இளக்கி அடித்து வைத்து, ஆறுமுக ஸ்பேனரால் மெல்லத் திறக்க வேண்டும், அவசரப்பட்டால் ஒடிந்துவிடும். திறந்ததும் திரவம் பீறிட்டுச் சக்கரம் விடுபட்டால், உள்ளே அழுத்தம் சிறைப்பட்டிருக்கிறது என்று பொருள். பழைய ரப்பர் ஹோஸ் உட்புறம் ஊதி, திரவத்தைப் போகவிட்டுத் திரும்பவிடாமல் அடைத்துக்கொண்டிருக்கலாம். பெடலை மிதிக்கும்போது திரவத்தைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரின் திரும்பு துளையும் அடைபட்டிருக்கலாம். நிப்பிளை மூடி, பெடலை மிதித்து மீண்டும் இறுகவிட்டு, இம்முறை மாஸ்டர் சிலிண்டரில் குழாய் சேரும் நட்டைச் சற்றுத் தளர்த்துங்கள். அங்கே தளர்த்தியதும் சக்கரம் விடுபட்டால் மாஸ்டர் சிலிண்டர்தான் குற்றவாளி. விடுபடவில்லையென்றால் ஹோஸ்.

நிப்பிளைத் திறந்தும் சக்கரம் அசையவில்லையா? அப்படியானால் துருதான். பின் சக்கரத்தில் டிரம்மோ கை பிரேக்கோ, முன் சக்கரத்தில், டிஸ்க்கைப் பேடுகளால் கவ்விப் பிடிக்கும் காலிப்பர். ஆண்டுக்கணக்காக நின்ற கார்களில் பெரும்பாலும் இதுதான் நிலை.

இரண்டாம் படி: பின் டிரம்

முதலில் கை பிரேக் கேபிளைக் கழற்றுங்கள். நான் தவறவிட்டது இதைத்தான். டிரம்மின் பின்தட்டிலிருந்து வெளியே நீளும் சிறு நெம்புகோலில் கேபிள் ஓர் ஊசியால் மாட்டப்பட்டிருக்கும். ஊசியும் துருவேறியிருக்கும், பொறுமையாக இளக்குங்கள். கழற்றியபின் நெம்புகோல் தன் பழைய இடத்துக்குத் திரும்ப வேண்டும். திரும்பாவிட்டால் ஷூக்கள் இன்னும் விரிந்தே நிற்கின்றன.

அடுத்தது பின்தட்டில் உள்ள சதுரத் தலைத் திருகு. ஷூவுக்கும் டிரம்முக்கும் உள்ள இடைவெளியைக் கட்டுப்படுத்துவது இதுதான். கம்பித் தூரிகையால் தேய்த்து, துரு இளக்கி அடித்து, ஓர் இரவு ஊறவிட்டு, இடஞ்சுழியாகத் திருப்பித் தளர்த்துங்கள். சதுரம் மழுங்கிவிட்டால் வேலை மூன்று மடங்காகும். சாதாரண ஸ்பேனரால் முயலாமல், சதுரத்தை நான்கு பக்கமும் பிடிக்கும் பிரேக் ஸ்பேனரையே பயன்படுத்துங்கள்.

இப்போது டிரம்மைப் பிடித்திருக்கும் திருகுகள். சாதாரணச் சக்கரம் உள்ள கார்களில் இரண்டு திருகுகள், கம்பிச் சக்கரக் கார்களில் நட்டுகள். திருகுத் தலைகள் தேயாமலிருக்க, சுத்தியலால் அடித்தால் திரும்பும் வகைத் திருப்புளி உதவும்.

இதன்பிறகுதான் அடி. விளிம்பிலோ ஓரத்திலோ வேண்டாம். டிரம்மின் முகத்தில், அச்சைச் சுற்றிய பகுதியில் மரக்கட்டை வைத்துச் சுற்றிச் சுற்றித் தட்டுங்கள். துருப்பிணைப்பை உடைப்பது அடியின் அதிர்வுதான். ஓங்கி அடிக்கும் பத்து அடியைவிட மெல்லத் தட்டும் நூறு தட்டு மேல். எங்கள் இடது டிரம் நாற்பது நிமிடத்தில் 'டக்' என்று விட்டது. வலது டிரம்முக்கு இரண்டு நாள். பற்றவைப்பு விளக்கால் சூடாக்கலாமா என்று பெரியப்பா கேட்டார். சீலும் ஹோஸும் கல்நார்த் தூளும் இருக்கும் இடத்தில் நெருப்பு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

டிரம் சுற்றுகிறது, ஆனால் வெளியே வர மறுக்கிறது என்றால், தேய்மானத்தால் உள்விளிம்பில் ஒரு மேடு உருவாகி ஷூவைத் தடுக்கிறது. சதுரத் திருகை இன்னும் தளர்த்துங்கள்.

திறந்ததும், ஷூக்களை விரிக்கும் சிலிண்டரின் ரப்பர் உறையைத் தூக்கிப் பாருங்கள். ஈரமாக இருந்தால் சிலிண்டரை மாற்றிவிடுங்கள், பெரிய விலையில்லை. அதைப் பின்தட்டோடு பிடித்திருக்கும் வளையக் கிளிப்பை மாட்டுவது மட்டும் பொறுமையைச் சோதிக்கும். நான் பேசிய சில சொற்களைப் பெரியம்மா கேட்கவில்லை என்றே நம்புகிறேன்.

கை பிரேக் கேபிள் உறைக்குள் வழுக்கி ஓடாவிட்டால் புதியது வாங்குங்கள். ஓடினால் அதிலுள்ள கிரீஸ் நிப்பிள் வழியாகக் கிரீஸ் ஏற்றினால் போதும்.

மூன்றாம் படி: முன் காலிப்பர்

பேடுகளைப் பிடித்திருக்கும் ஊசிகளை உருவி, பேடுகளை அசைத்து வெளியே எடுங்கள். டிஸ்க்கோடு ஒட்டியிருந்தால் இடையே தட்டையான இரும்பைச் செருகி நெம்பலாம். பிளீடரைச் சற்றுத் திறந்து வைத்தால் பிஸ்டன் பின்வாங்க இடம் கிடைக்கும்.

காலிப்பருக்குப் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு பிஸ்டன்கள். இறுகிய பிஸ்டனை வெளியே எடுக்க, காற்றழுத்தியை மாட்டும்படி உங்களிடம் யாராவது சொல்லக்கூடும். கணக்குப் போட்டுப் பாருங்கள். சுமார் 5 செ.மீ. விட்டமுள்ள பிஸ்டன்மேல் 8 பார் காற்றழுத்தம் என்றால் ஏறத்தாழ 160 கிலோ விசை. காற்று சுருங்கி விரிவது, பிஸ்டன் விடுபட்ட கணம் அது குண்டுபோலப் பாயும். விரல் போனால் போனதுதான்.

காரின் பிரேக் பெடலே இதற்குச் சரியான கருவி. மிதிக்கும்போது எழும் அழுத்தம் அதைவிடப் பல மடங்கு. ஆனால் திரவம் சுருங்குவதில்லை, ஆகவே பிஸ்டன் நகர்ந்ததுமே அழுத்தம் விழுந்துவிடும். ஹோஸைக் கழற்றாமல் காலிப்பரை டிஸ்க்கிலிருந்து அகற்றிக் கம்பியால் தொங்கவிடுங்கள். ஹோஸ் எடையைத் தாங்கக் கூடாது. நடுவில் மெல்லிய பலகை ஒன்றை வைத்து, ஒருவர் பெடலை மெதுவாக மிதிக்க, மற்றவர் பாருங்கள். சுலபமாக வரும் பிஸ்டனைக் கவ்வியால் பிடித்து நிறுத்தினால், முழு அழுத்தமும் இறுகிய பிஸ்டன்மேல் விழும். எங்களுடையது ஏழாவது மிதியில் முனகிக்கொண்டு வெளியே வந்தது.

காலிப்பரின் இரு பாதிகளைப் பிரிக்க வேண்டாம். பிஸ்டன் மேற்பரப்பில் துருக்குழி இருந்தால் புதிய பிஸ்டன் வாங்குங்கள், மணல்தாள் போட்டுத் தேய்த்துச் சமாளிக்காதீர்கள். சுத்தம் செய்ய பிரேக் கிளீனர் மட்டுமே. புதிய சீலுக்கு ரப்பருக்கென்றே விற்கும் சிவப்புக் கிரீஸ் அல்லது புதிய பிரேக் திரவம் தடவுங்கள். எம்ஜிபிக்கான உதிரிப்பாகங்கள் பிரிட்டனில் இன்றும் தாராளமாகக் கிடைக்கின்றன. அஞ்சல் செலவோடு 9 விழுக்காடு பொருள் சேவை வரியையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நான்காம் படி: ஹோஸ், திரவம், காற்று

ரப்பர் ஹோஸ்களை, பார்க்க நன்றாக இருந்தாலும், மாற்றிவிடுங்கள். பழைய திரவம் முழுவதையும் வெளியேற்றுங்கள். எங்களுடையது காப்பி நிறத்தில் இருந்தது. புதிய டாட் 4 திரவம் 230 பாகை செல்சியசுக்குக் குறையாமல் கொதிக்க வேண்டும் என்பது தரவிதி. 3.7 விழுக்காடு நீர் சேர்ந்தபின் அந்த வரம்பு 155தான். திறந்து பல மாதமான குப்பியை மறுபடி பயன்படுத்தாதீர்கள். காரின் வண்ணப்பூச்சில் சொட்டினால் உடனே நீர்விட்டுக் கழுவுங்கள், பெயின்ட்டை உரித்துவிடும். பழைய திரவத்தைச் சாக்கடையில் ஊற்றாமல் பணிமனையில் கொடுத்துவிடுங்கள்.

காற்றெடுப்பதற்கு முன் பின் ஷூக்களைச் சரிசெய்ய வேண்டும். சதுரத் திருகைச் சக்கரம் நிற்கும்வரை இறுக்கி, மீண்டும் தடையின்றிச் சுற்றும்வரை மட்டும் தளர்த்துங்கள். பிறகு தொலைவான சக்கரத்தில் தொடங்குங்கள். நம் வலப்பக்க ஸ்டியரிங் கார்களில் பின் இடது, பின் வலது, முன் இடது, முன் வலது என்று வரிசை. ஒருவர் மிதித்துப் பிடிக்க, மற்றவர் நிப்பிளைத் திறந்து குமிழி போனதும் மூட வேண்டும். மூடியபிறகே காலை எடுக்கச் சொல்லுங்கள். தொட்டியில் திரவம் வற்றவிட்டால் மறுபடி முதலிலிருந்து.

ஐந்தாம் படி: சோதனை

பெடலை அழுத்தி ஒரு நிமிடம் பிடித்திருங்கள். கால் மெல்லத் தாழ்ந்தால் எங்கோ கசிவு, அல்லது மாஸ்டர் சிலிண்டரின் சீல் தேய்ந்துவிட்டது. கெட்டியாக நின்றால் முன்றிலிலேயே நடைவேகத்தில் முன்னும் பின்னும் ஓட்டி நிறுத்திப் பாருங்கள். சாலைக்குப் போகுமுன் அனுபவமுள்ள மெக்கானிக் ஒருவரிடம் காட்டிவிடுங்கள், இதில் கூச்சம் வேண்டாம். நாங்கள் காட்டியவர், பின் வலது குழாய் நட்டு ஒன்று கால் திருப்பு தளர்வாக இருந்ததைக் கண்டுபிடித்தார். நான் இருமுறை பார்த்த நட்டு அது.

முதல் சில கிலோமீட்டர் ஓட்டியதும் இறங்கி, ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் புறங்கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். டிஸ்க்கைத் தொடாதீர்கள், சுட்டுவிடும். எங்கள் காரில் பின் இடது மட்டும் மற்றவற்றைவிடச் சூடாக இருந்தது. சதுரத் திருகை ஒரு 'கிளிக்' தளர்த்தினேன். இப்போது பெரியப்பா கை பிரேக்கைப் போடாமல், கியரில் விட்டு, முட்டுக்கட்டை வைத்துத்தான் காரை நிறுத்துகிறார்.