மங்கிப்போன, கீறல் விழுந்த கார் பெயின்ட்டை வீட்டிலேயே சரிசெய்வது எப்படி?

கார் பெயின்ட்டின் நிறத்துக்கு மேலே கண்ணாடி போல நிறமில்லாத பூச்சு ஒன்று உண்டு. அதுதான் க்ளியர் கோட். பெரும்பாலான கார்களில் அதன் கனம் 35 முதல் 50 மைக்ரான். ஒரு தலைமுடியைவிட மெலிது. பாலிஷ் போடும்போது இந்தப் பூச்சைத்தான் துளித்துளியாகத் தேய்த்து எடுக்கிறோம். கீறலின் இரு கரைகளும் தேய்ந்து அதன் அடிமட்டத்துக்கு இறங்குவதால்தான் கீறல் கண்ணுக்குத் தெரியாமல் போகிறது. வெயிலைத் தாங்குவதும் இதே பூச்சுதான். தேய்த்து எடுத்ததைத் திரும்ப வைக்க முடியாது என்பதால், எந்தக் கட்டத்திலும் மென்மையான பொருளில்தான் தொடங்க வேண்டும்.

முதலில் கீறலின் ஆழம். விரல் நகத்தைக் கீறலுக்குக் குறுக்கே மெல்ல இழுத்துப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு போனால் பாலிஷில் போய்விடும். நகம் மாட்டினால் முழுதாகப் போகாது. கரையை மழுக்கிப் பளிச்சென்று தெரியாமல் செய்யலாம், அவ்வளவுதான். நகம் மாட்டும் கீறலை ஒழித்தே தீருவேன் என்று தேய்த்துத்தான் பலர் நிறம் வரை இறங்கிவிடுகிறார்கள். பெயின்ட் செதில் செதிலாக உரியும் இடத்தையும், ஓரம் கட்டிய வெள்ளைத் திட்டையும் தொடாதீர்கள். அங்கே க்ளியர் கோட்டே பிடிப்பு விட்டுவிட்டது. மறுபடி பெயின்ட் அடிப்பதுதான் வழி. மேட் ஃபினிஷ் (பளபளப்பில்லாத பெயின்ட்) காருக்கு பாலிஷே கூடாது.

வண்டியை நிழலில் நிறுத்தி, பானட் தொட்டால் சுடாத அளவுக்கு ஆறவிடுங்கள். இரண்டு வாளி வேண்டும்: ஒன்றில் கார் ஷாம்பு கலந்த தண்ணீர், மற்றதில் துணியை அலசும் வெறும் தண்ணீர். மேலிருந்து கீழாகக் கழுவித் துடைத்த பிறகு, கையில் மெல்லிய பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு பெயின்ட்டைத் தடவுங்கள். வெறும் கைக்குத் தெரியாத பொடிமணல் சொரசொரப்பு பையின் வழியே நன்றாகத் தெரியும். அதை எடுக்க கிளே பார் என்ற, களிமண் போல மிருதுவான கட்டி இருக்கிறது. ஷாம்புத் தண்ணீரைத் தாராளமாகத் தெளித்து, அழுத்தாமல் முன்னும் பின்னுமாக ஓட்டுங்கள். சரசரவென்ற சத்தம் அடங்கினால் அந்த இடம் முடிந்தது. கிளே தரையில் விழுந்துவிட்டால் எடுத்துப் போட்டுவிடுங்கள். அதில் ஒட்டிய ஒரு மணல் போதும், புதுக் கீறல் போட.

ரப்பர் பீடிங், கறுப்பு பிளாஸ்டிக், எம்ப்ளம், கதவு மற்றும் பானட்டின் கூர்மையான விளிம்புகள் எல்லாவற்றிலும் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். விளிம்பில் பெயின்ட் எப்போதும் மெலிதாகவே இருக்கும். முதலில் தேய்ந்துபோகும் இடம் அதுதான்.

மெஷின் வாங்குவதானால் டூயல் ஆக்‌ஷன் பாலிஷர் வாங்குங்கள். சுழன்றபடியே ஆடுவதால் சூடு ஓரிடத்தில் சேராது. ஒரே மையத்தில் சுழலும் ரோட்டரி மெஷின் பழகாத கையில் சில விநாடிகளில் பெயின்ட்டைச் சுட்டுவிடும். கண்ணாடியும் மாஸ்க்கும் போட்டுக்கொள்ளுங்கள். ஒயர் வண்டியில் உரசாமல் தோள்மேல் கிடக்கட்டும்.

சுமார் 40 செ.மீ. சதுரம் ஒன்றில் முதலில் சோதித்துப் பாருங்கள். மென்மையான ஃபோம் பேடில் பட்டாணி அளவில் நான்கு துளி ஃபைன் பாலிஷ். மெஷினை ஓடவிடும் முன்பே பேடை பெயின்ட்டில் வையுங்கள், இல்லாவிட்டால் சுற்றிலும் தெறிக்கும். குறைந்த வேகத்தில் பரப்பி, பிறகு 4 அல்லது 5ஆம் வேகத்தில், விநாடிக்கு இரண்டு மூன்று செ.மீ. என்ற நிதானத்தில், ஒவ்வொரு ஓட்டமும் முந்தியதன் பாதியை மூடும்படி நகர்த்துங்கள். கிடைமட்டமாக ஒன்று, செங்குத்தாக ஒன்று என மாற்றி மாற்றி நான்கைந்து சுற்று. வெள்ளையாக இருந்த பாலிஷ் எண்ணெய்ப் படலம் போல மெலிந்ததும் நிறுத்துங்கள். காய்ந்த பிறகும் ஓட்டினால் புகைமூட்டம் போல மங்கலாகிவிடும். இதில் போதிய பலன் இல்லையென்றால் மட்டும் காம்பவுண்டுக்கும் (ஃபைன் பாலிஷைவிடக் கடுமையாகத் தேய்ப்பது) கட்டிங் பேடுக்கும் (அதற்கேற்ற கடினமான பேட்) போங்கள். காம்பவுண்ட் போட்ட இடத்தை மறுபடி ஃபைன் பாலிஷால் முடிக்க வேண்டும். ஒவ்வொரு பேனலுக்கும் பேடை பிரஷால் சுத்தம் செய்யுங்கள்.

துடைத்த துணியில் காரின் நிறம் ஒட்டினால் உடனே நிறுத்துங்கள். க்ளியர் கோட் இல்லாத பழைய பெயின்ட்டில் அது இயல்பு. மற்ற கார்களில் பூச்சு தீர்ந்துவிட்டது என்று பொருள்.

பாலிஷில் உள்ள எண்ணெய் கீறல்களை நிரப்பிக் கண்ணை ஏமாற்றும். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் சமபங்கு தண்ணீர் கலந்து துடைத்த பிறகு, டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். அப்போது தெரிவதுதான் உண்மையான நிலை. ஆல்கஹால் தீப்பற்றும் என்பதால் காற்றோட்டம் உள்ள இடத்தில், நெருப்புக்குத் தள்ளி வையுங்கள்.

நிறம் வரை அறுந்த கீறலுக்கு டச்-அப் பெயின்ட். கதவுச் சட்டத்திலோ பானட்டுக்கு அடியிலோ உள்ள தகட்டில் காரின் நிறத்துக்கான குறியீடு இருக்கும், அதே நிறத்தை வாங்க அது உதவும். தகரம் தெரிந்தால் துருவை எடுத்து, முதலில் பிரைமர் (பெயின்ட்டுக்கு அடியில் பூசும் பூச்சு) வைக்க வேண்டும். பல்குத்தும் குச்சி நுனியால் மெல்லிய படலமாக இரண்டு மூன்று முறை, ஒவ்வொன்றும் காய்ந்த பிறகு வையுங்கள். ஒரே தடவையில் கொட்டினால் குமிழாக நிற்கும்.

கடைசியாக பெயின்ட்டைக் காக்கும் படலமாக வாக்ஸ் அல்லது சீலன்ட், கண்ணுக்கு அரைகுறையாகத் தெரியும் அளவு மெலிதாக. விரலால் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள்: இழுபட்டால் இன்னும் காயவில்லை, சுத்தமாக வந்தால் புதிய மைக்ரோஃபைபர் துணியால் துடைத்துவிடலாம். டச்-அப் வைத்த இடத்தில் மட்டும், பெயின்ட் முழுதாக இறுகும் வரை வாக்ஸ் வேண்டாம்.