மலட்டு மீன் தயாரிப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மீன் சினைப்படத் தொடங்கினால் தின்கிற தீவனம் சதையாக ஏறுவது குறைந்துவிடும். குளத்தில் கணக்கில்லாமல் குஞ்சு பெருகி இடநெருக்கடி வரும். வலைக்கூண்டிலிருந்து தப்பிய மீன் ஆற்று மீனோடு கலக்கும். இந்த மூன்றையும் தவிர்க்கத்தான் மலட்டு மீன். பண்ணைத் தொழிலில் அதற்குப் பெரும்பாலும் டிரிப்ளாய்டு மீன் என்றே பொருள்: செல்லில் இரண்டு தொகுதி குரோமோசோமுக்குப் பதில் மூன்று தொகுதி இருக்கும். செய்முறையை நாலு வரியில் சொல்லிவிடலாம். ஆனால் சறுக்கும் இடங்கள் நிறைய.

ஆண் மட்டும் இருந்தால் மலடு ஆகாது

முதல் தீவனத்திலிருந்து 21 முதல் 28 நாள் வரை, கிலோ தீவனத்துக்கு 60 மில்லிகிராம் மீத்தைல் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் கலந்து கொடுத்து ஆணாக்கிய திலேப்பியாவை 'மலட்டுத் திலேப்பியா' என்று சொல்பவர்கள் உண்டு. அது தவறு. அவை விந்து சுரக்கும் வீரியமான ஆண்கள்தான். ஹார்மோன் சரியாக ஏறாத சில பெண்கள் கூட்டத்தில் தங்கிவிட்டால் குளம் மறுபடி குஞ்சுமயமாகும்.

கலப்பினம் என்றால் கோவேறு கழுதை போல மலடாகத்தான் இருக்கும் என்ற நினைப்பும் மீனுக்குச் செல்லாது. கட்லாவும் ரோகுவும் கலந்து பிறந்த குஞ்சு வளர்ந்து தானே இனம் பெருக்கும். உண்மையிலேயே மலடான கலப்பினங்களும் உண்டுதான், ஆனால் அதை இனம் இனமாகப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

கடிகாரத்தை எப்போது தொடங்குவது?

தாய்மீனிலிருந்து பிதுக்கி எடுத்த முட்டையில் இரண்டாவது குன்றல் பிரிவு (குரோமோசோமைப் பாதியாக்கும் செல் பிரிவின் இரண்டாம் கட்டம்) பாதியில் நின்றிருக்கும். விந்தணு நுழைந்ததும் அது தொடரும். ஒரு தொகுதி குரோமோசோம் இரண்டாம் துருவ உறுப்பு என்ற சிறு செல்லாக வெளியே தள்ளப்படும். அந்த நேரத்தில் சூடு, குளிர், அழுத்தம் ஆகியவற்றில் ஏதாவது ஒன்றால் அதிர்ச்சி கொடுத்தால் தள்ளல் நின்றுவிடும். முட்டையின் இரண்டு தொகுதியும் விந்தின் ஒரு தொகுதியும் சேர்ந்து மூன்றாகும். தாமதித்தால் துருவ உறுப்பு போய்விட்டிருக்கும், சாதாரண மீன்தான் கிடைக்கும். இன்னும் வெகுநேரம் தாமதித்தால் அதிர்ச்சி முதல் செல் பிளவைத் தாக்கும். அதில் பெரும்பாலான கருக்கள் செத்துவிடும்.

இங்கே அதிகம் நடக்கும் பிழை, விந்தை முட்டையோடு கலந்த நேரத்தைச் 'சுழியம்' என்று குறித்துக்கொள்வது. உலர்ந்த பாத்திரத்தில் கலந்திருக்கும்வரை விந்தணு அசையவே அசையாது. நீர் பட்ட பிறகுதான் நீந்தத் தொடங்கும், அதுவும் சுமார் ஒரு நிமிடம் அல்லது அதற்கும் குறைவாக. ஆகவே நீர் ஊற்றிய நொடிதான் சுழியம். பாத்திரத்தின் அடியில் ஈரம் இருந்தாலோ, பிதுக்கும்போது மீனின் உடலிலிருந்து நீர் சொட்டினாலோ சில முட்டைகள் முன்கூட்டியே கருவுற்றுவிடும். ஒரே தட்டில் இரண்டு நேரக்கணக்கு ஓடும். மீனை நன்றாகத் துடைத்துவிட்டுப் பிதுக்குங்கள். தாய்மீன் ஒவ்வொன்றுக்கும் தனித் தட்டு, தனிக் கடிகாரம் வையுங்கள்.

அடுத்தது வெப்பநிலை. அட்லாண்டிக் சால்மனுக்குக் கருவுற்றதிலிருந்து 300 டிகிரி-நிமிடம் (நீர் வெப்பநிலையை நிமிடத்தால் பெருக்கிய கணக்கு) கழித்து அழுத்தம் கொடுப்பது வழக்கம். நீர் 8 டிகிரி என்றால் அது 37.5 நிமிடம், 10 டிகிரி என்றால் 30 நிமிடம். இரண்டு டிகிரி வித்தியாசத்துக்கே ஏழரை நிமிடம் மாறிவிடுகிறது. எங்கோ படித்த நிமிடக்கணக்கை அதற்குரிய நீர் வெப்பநிலை தெரியாமல் எடுத்துக்கொள்வது வீண். வெதுவெதுப்பான நீரில் வாழும் மீன்களில் இடைவெளி இன்னும் சுருங்கும். புல்கெண்டையில் கருவுற்ற சுமார் 4 நிமிடத்தில் தொடங்க வேண்டும், அங்கே அரை நிமிடம் தவறினாலும் நஷ்டம்தான்.

அதிர்ச்சி முட்டைக்குப் போய்ச் சேர்ந்ததா?

திலேப்பியாவுக்குக் கருவுற்ற 4 அல்லது 5 நிமிடம் கழித்து, சுமார் 41 டிகிரி நீரில் மூன்றரை முதல் 4 நிமிடம் என்பது பரவலாகப் பயன்படும் அளவு. கணக்குப் போட்டுப் பாருங்கள். 41 டிகிரியில் 2 லிட்டர் நீர் வைத்திருக்கிறீர்கள். அதில் 28 டிகிரியில் இருக்கும் முட்டையும் நீருமாக அரை லிட்டரைக் கொட்டினால் கலவை 38.4 டிகிரிக்கு இறங்கிவிடும். வெப்பமானி மீண்டும் 41 காட்டுவதற்குள் நேரம் முடிந்திருக்கும். அதே அரை லிட்டரை 20 லிட்டரில் விட்டால் இறக்கம் 0.3 டிகிரி மட்டுமே. முட்டையை வலைச்சட்டத்தில் வைத்து, நீரை வடித்து, பெரிய தொட்டியில் அப்படியே இறக்குவதுதான் சரி. வெப்பமானியின் முனை முட்டைகளுக்கு நடுவே இருக்கட்டும். தொட்டியின் ஓரத்தில் அளந்த வெப்பநிலைக்கும் முட்டைக் குவியலின் உள்வெப்பத்துக்கும் சம்பந்தமில்லை.

கெளுத்தி முட்டையில் வேறு சிக்கல். ஆப்பிரிக்கக் கெளுத்திக்குக் கருவுற்ற 3, 4 நிமிடத்தில் 5 டிகிரி குளிர்நீரில் 40 நிமிடம் வைப்பார்கள். ஆனால் முட்டை பசை போல் ஒட்டிக் கட்டியாகிவிடும். கட்டியின் வெளிமுட்டைக்கு உடனே குளிர் ஏறும், உள்முட்டைக்குத் தாமதமாகவே ஏறும். கெண்டை முட்டையின் பசை நீக்க 10 லிட்டர் நீருக்கு 30 கிராம் யூரியாவும் 40 கிராம் உப்பும் கலந்த கரைசலைப் பயன்படுத்திப் பழகியவர்கள் இங்கேயும் அதையே நாடுவார்கள். அது வேலை செய்ய ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஆகும், உங்களிடம் இருப்பதோ மூன்று நிமிடம். நீர் ஊற்றியவுடனே முட்டையை வலைச்சட்டத்திலோ கண்ணாடித் தகட்டிலோ ஒற்றை அடுக்காகப் பரப்பி ஒட்டவிட்டு, தகட்டோடு குளிர்நீரில் இறக்குங்கள்.

அழுத்தக் கலனில் எதிரி காற்றுக் குமிழிதான். சால்மனுக்கு 655 பார் அழுத்தத்தை, 8 டிகிரியில் சுமார் 6 நிமிடத்துக்குச் சற்று மேல் நிலைநிறுத்துவார்கள். கலனில் குமிழி தங்கினால் அதை நசுக்குவதற்கே பம்பு நேரத்தை விழுங்கும், அதிர்ச்சி தாமதமாகும். கலனை விளிம்புவரை நிரப்பி, தட்டிக் குமிழியை வெளியேற்றிவிட்டு மூடுங்கள். கலன் நீர் முட்டை இருந்த நீரின் வெப்பநிலையிலேயே இருக்கட்டும். முட்டை போடுமுன் வெறும் நீரில் ஒருமுறை ஓட்டிப் பார்த்து, அழுத்தமானி முள் இறங்காமல் நிற்கிறதா என்று கவனிப்பது நல்லது. ரப்பர் வளையம் கசிந்தால் அப்போதே தெரிந்துவிடும்.

ஒவ்வொரு முறையும் அதே தாயின் முட்டையில் கொஞ்சத்தை அதிர்ச்சி கொடுக்காமல் தனியே பொரிக்கவிடுங்கள். அது இல்லாவிட்டால் சாவு அதிர்ச்சியால் வந்ததா, முதிர்ந்துபோன முட்டையால் வந்ததா என்று பிரித்துச் சொல்ல முடியாது. சூடு கொடுத்த தட்டிலும் கொடுக்காத தட்டிலும் பொரிப்பு அப்படியே சமமாக இருந்தால் சந்தோஷப்படாதீர்கள், சூடு போதவில்லையோ என்றுதான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

பரிசோதிக்காத கூட்டம் மலட்டுக் கூட்டம் அல்ல

அதிர்ச்சி கொடுத்தாயிற்று, ஆகவே டிரிப்ளாய்டுதான் என்று எழுதி அனுப்புவது இத்தொழிலின் மிகப் பெரிய தவறு. குஞ்சின் தோற்றத்தை வைத்து எதுவும் சொல்ல முடியாது. மீனின் சிவப்பணுவில் உட்கரு உண்டு, டிரிப்ளாய்டில் அதன் கன அளவு ஒன்றரை மடங்காகும். ஆனால் எல்லாப் பக்கமும் சீராகப் பெருத்தால் நீளம் கூடுவது சுமார் 14 சதவீதம்தான். நுண்ணோக்கியில் கண்மதிப்பாகப் பார்ப்பவர் ஏமாறுவது இதனால்தான். உட்கருவின் நீளம், அகலம் இரண்டையும் அளந்து கன அளவு கணக்கிட வேண்டும். துகள் எண்ணும் கருவியோ, செல்லின் டி.என்.ஏ. அளவைக் காட்டும் ஃப்ளோ சைட்டோமீட்டரோ கிடைத்தால் அதுவே மேல். ஐயம் இருந்தால் குரோமோசோம் எண்ணிக்கை தீர்த்துவைக்கும்: திலேப்பியாவில் 44-க்குப் பதில் 66, புல்கெண்டையில் 48-க்குப் பதில் 72, ரோகுவில் 50-க்குப் பதில் 75.

எத்தனை மீனைச் சோதிப்பது? சோதித்தவை அத்தனையும் டிரிப்ளாய்டாக இருந்தால், 3-ஐ அந்த எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். 30 மீன் என்றால் கூட்டத்தில் 10 சதவீதம்வரை சாதாரண மீன் ஒளிந்திருக்கலாம், 300 என்றால் 1 சதவீதம்வரை. 95 சதவீத நம்பிக்கையோடு இவ்வளவுதான் சொல்ல முடியும். ஒரு லட்சம் குஞ்சில் 98 சதவீதம் வெற்றி என்பதும் கேட்க நன்றாக இருக்கும், ஆனால் மிச்சம் 2,000 மீன் இனம் பெருக்கக்கூடியவை. களை தின்ன விடப்படும் டிரிப்ளாய்டு புல்கெண்டையை அமெரிக்காவில் ஒவ்வொன்றாக இரத்தம் எடுத்துச் சோதிப்பது இதற்காகத்தான்.

ஆணை மறந்துவிடுவது

டிரிப்ளாய்டு பெண்ணுக்குச் சினைப்பை பெரும்பாலும் நூல்போல நின்றுவிடும். ஆண் அப்படியல்ல: விதைப்பை வளரும், நிறம் மாறும், பெண்ணைத் துரத்தும். விந்தணுவின் குரோமோசோம் தாறுமாறாக இருப்பதால் குஞ்சு பிழைக்காது, அவ்வளவுதான். தீவனம் மிச்சமாகும் என்று எண்ணியவருக்கு ஆண்களிடம் ஏமாற்றமே. அதனால்தான் டிரவுட், சால்மன் பண்ணைகளில் முழுப்பெண் டிரிப்ளாய்டு கேட்கிறார்கள். பெண் குஞ்சுக்கு ஹார்மோன் கொடுத்து ஆணாக்கினால் அதன் விந்தில் எல்லாமே எக்ஸ் குரோமோசோம்தான், பிறப்பதெல்லாம் பெண். ஹார்மோன் தொடுவது தந்தையை மட்டும், விற்பனை மீனை அல்ல. இந்த ஆணாக்கிய டிரவுட்டுக்கு விந்து நாளம் பெரும்பாலும் முழுமையாக இருக்காது. பிதுக்கிப் பார்த்து வரவில்லை என்று ஒதுக்கிவிடாதீர்கள், விதைப்பையை அறுத்தெடுத்து நறுக்கித்தான் விந்து எடுக்க வேண்டும்.

வளர்ப்பில்

சாதாரணக் குஞ்சோடு ஒரே தொட்டியில் விட்டால் போட்டியில் டிரிப்ளாய்டு பின்தங்கும். சூடான, ஆக்சிஜன் குறைந்த நீரை இவை தாங்குவதும் குறைவு, ஆகவே கோடையில் இருப்பு எண்ணிக்கையைக் குறைத்து, காற்றூட்டியை முன்னதாகவே ஓட்டுங்கள். டிரிப்ளாய்டு சால்மனில் முதுகெலும்பு வளைவும் கண்புரையும் அதிகம் தென்படும். இளம் பருவத்தில் தீவனத்தில் பாஸ்பரசும், கண்புரைக்கு ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலமும் கூட்டித் தர வேண்டும், முட்டையையும் 6 டிகிரி அளவில் குளிர்ச்சியாக அடைகாக்க வேண்டும். 'வேகமாக வளரும்' என்று சொல்லி விற்பதும் சரியல்ல. சாதாரண மீன் சினைப்படும் வயது வரும்வரை இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது, சில நேரம் டிரிப்ளாய்டு சற்றுச் சிறுத்தும் இருக்கும். சினைப்படுமுன்பே அறுவடை செய்து விற்கும் பண்ணைக்கு இந்தச் செலவு தேவையா என்பதை முட்டை பிதுக்கும் முன்பே யோசித்துக்கொள்ளுங்கள்.